கம்பியை விட்ட தண்டு

காவலூர்,
22-7-2024

அன்புள்ள தங்கை அருணாவுக்கு அண்ணன் ஜீவானந்தம் எழுதுவது. நான் சுகம். நீயும் நதியாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கணவரின் சுகத்தை நான் விசாரிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

அம்மாக்கண்ணுவின் போனுக்குக் கூப்பிட்டாயாம். இங்கே மேட்டுப்பாறையில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். கிடைத்தாலும் நான் பேச மாட்டேன். வாயால் சொன்னதை மறுநாளே இல்லை என்று சொல்லிவிடலாம், எழுதியதை அப்படிச் சொல்ல முடியாது. கல்லூரியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்து நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். நாளைக்கு வேறு யாராவது படிக்க நேரலாம் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இதைப் பத்திரமாக வை.

பதினான்காம் தேதி, ஞாயிறு பிற்பகல். இங்குள்ள சுற்றுலாப் பூங்காவில், நான் வரைந்து கொடுத்த பழைய பாணி டிராம் ஏரிக்கரையிலிருந்து வாசலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் அர்ச்சுனன், நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரன், அம்மாக்கண்ணுவின் புருஷன். பின்படியில் கயிற்றைப் பிடித்து நின்றவன் குப்பன். லேசான தூறல்.

வண்டியின் கூரையிலிருந்து பின்பக்கம் சாய்ந்து மேலே போகும் நீண்ட இரும்புக் குழாய்தான் தண்டு. அதன் நுனியில் இருக்கும் சின்னச் சக்கரம் மேலே ஓடும் மின்கம்பியை அடியிலிருந்து தொட்டபடி உருண்டு மின்சாரத்தை எடுக்கும். கீழே உள்ள வில்சுருள்கள் தண்டை எந்நேரமும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். தண்டை அடக்கிப் பிடிக்க அதன் நுனியிலிருந்து பின்படிக்கு ஒரு கயிறு தொங்கும். புளியமரத்து வளைவில் சக்கரம் கம்பியை விட்டுவிட்டது. தண்டு விருட்டென்று எழும்பி, கம்பங்களுக்கு நடுவே கட்டியிருந்த குறுக்குக் கம்பியில் போய் மாட்டிக்கொண்டது. தண்டு நின்றுவிட்டது, வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்தது குப்பனின் வலது கை. அவன் தேனெடுக்கப் பாறையில் இறங்கும் பரம்பரை. கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றாமல் அவனுக்குப் பிடிக்கத் தெரியாது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

என் வரைபடத்தில் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு கயிறு பிடிப்பான் இருந்தது. காரில் சீட் பெல்ட் இருக்கிறதே, அதே வேலைதான். மெதுவாக இழுத்தால் கயிறு வரும், சுண்டி இழுத்தால் பூட்டிக்கொள்ளும். அது இருந்திருந்தால் தண்டு ஒரு முழம்கூட எழும்பியிருக்காது. கயிற்றைப் பிடிக்க ஆளே வேண்டியதில்லை. திறப்பு விழாவுக்கு உன் கணவர் வருவார் என்பதால் நான் அந்தப் பூங்காவுக்குள் போகவில்லை. விபத்துக்கு மறுநாள்தான் அந்த வண்டியை முதன்முதலாகப் பார்த்தேன். பிடிப்பான் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன.

பூங்கா முதலாளி கோபால், அர்ச்சுனன் வேகமாக ஓட்டினான், குப்பன் மாட்டுக்கயிறு மாதிரி கையில் சுற்றிக்கொண்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அர்ச்சுனன் அன்று மாலையே காட்டுக்குள் போய்விட்டான். ஏற்கெனவே ஆந்திராப் பக்கம் ஒரு மரக்கடத்தல் வழக்கில் இரண்டு வருடம் உள்ளே இருந்து, கடைசியில் குற்றமில்லை என்று வெளியே வந்தவன். காக்கி நிறத்தைப் பார்த்தாலே அவனுக்கு வியர்க்கும்.

உன் கணவரின் பட்டறையில்தான் வண்டி செய்தார்கள். பிடிப்பானை எடுத்தது யார், எதற்காக என்று அவர் கைப்பட எழுதி அனுப்பச் சொல். விசாரணை வைக்கப்போகிறார்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் பழி முழுவதும் அர்ச்சுனன் தலையில் விழும்.

இப்படிக்கு,
ஜீவானந்தம்

*

ராணிப்பேட்டை,
3-8-2024

அன்புள்ள அண்ணாவுக்கு அருணாவின் வணக்கம். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நதியாவுக்குக் காலேஜ் திறந்துவிட்டது. என் உடம்பு இப்போது பரவாயில்லை. உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? மழை நாளில் பாறையில் ஏறாதீர்கள்.

வேலூர் போய்க் குப்பனைப் பார்த்தேன். கையைச் சுற்றிப் பெரிய கட்டு. யார் என்று சொன்னேன். "டிராம் செஞ்சவரு வூட்டுக்காரம்மாவா? குந்துங்கக்கா" என்றான். "ஆளு முங்குற பள்ளத்துல கயிறு கட்டி எறங்கினப்பகூட எனக்கு ஒண்ணும் ஆவல. முழங்கால் ஒசரத்துப் படியில நின்னுக்கினு இப்டி ஆயிடுச்சி. இன்னா சொல்றது போங்க." பக்கத்தில் அவன் மனைவி அழுதுகொண்டிருந்தாள். "இவ ஏன் அழுவறா தெரியுமாக்கா? இனிமே எருமைய இவதான் கட்டணும்" என்றான். "வாய மூடுய்யா" என்று அவள் அழுகையோடு அவன் தலையில் தட்டினாள்.

கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னாங்கக்கா. சும்மா புடிச்சா நழுவுதே. நழுவினா தண்டு ஆடுது. தண்டு ஆடினா முதலாளி திட்றாரு" என்றான்.

நீங்கள் கேட்ட காகிதத்தைப் பற்றி அவரிடம் பேசினேன். பேச்சு முடியவில்லை.

அண்ணா, சித்திரை மாதத்தில் அவர் உங்களுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
அருணா

*

காவலூர்,
10-8-2024

அன்புள்ள அருணாவுக்கு, நலம். உன் நலத்துக்கும் குறைவிருக்காது.

நான் ஒரு காகிதம் கேட்டேன். நீ ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாய்.

அவர் கடிதம் வந்தால் நான் உறையின்மேல் வந்த தேதியை எழுதி டிரங்குப் பெட்டியில் வைப்பேன். பிரிப்பதில்லை. பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். தீபாவளி, பொங்கல், நதியா பாஸ் செய்தது என்று எதையாவது எழுதியிருப்பார். எனக்கு அது வேண்டியதில்லை. இந்த வேலையை ஒப்புக்கொண்டபோதே உனக்குத் தெளிவாக எழுதினேன்: வரைபடம் உன் வழியாகத்தான் வரும், சந்தேகம் எதுவானாலும் நீதான் எழுத வேண்டும். அதற்கு நீ சம்மதித்து எழுதிய கடிதமும் என்னிடம் இருக்கிறது.

உனக்கு மறந்திருக்கலாம் என்பதால் ஒருமுறை சொல்கிறேன். தாளாளரின் சொந்தக்காரப் பையனுக்கு நான் மதிப்பெண் போடவில்லை. உடனே வினாத்தாளை நான் வெளியே விட்டதாகக் கதை கட்டினார்கள். விசாரணைக் குழுவில் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் உன் கணவர். தாள் வெளியே போன அந்த நாள் முழுவதும் என்னோடு லேபில் உட்கார்ந்திருந்தவர் அவர். "இவர் என்னோடுதான் இருந்தார்" என்று அவர் மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டம்ளரில் பச்சைக் கோடு போட்டிருந்தது. எனக்கு வேலை போனது, பாதி எழுதிய ஆராய்ச்சி அலமாரியில் செல்லரித்தது. அவர் அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டுச் சொந்தப் பட்டறை போட்டுக்கொண்டார்.

அந்த ஆள் இன்றைக்கும் பேசாமல்தான் இருக்கிறார். இந்தத் தடவை அழியப்போவது அர்ச்சுனன்.

அம்மாக்கண்ணு தினமும் காலையில் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்கிறாள். "இன்னா சாரு, மச்சான் ஊட்லேர்ந்து எதனா கடுதாசி வந்துச்சா?" என்கிறாள். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜீவானந்தம்

*

ராணிப்பேட்டை,
2-9-2024

அன்புள்ள அண்ணாவுக்கு, வணக்கம். நலம் கேட்டு எழுதியதற்கு நன்றி.

குப்பனுக்கு மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள். சீழ் ஏறிவிட்டதாம். நான் போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை.

கடிதங்களைப் பற்றிக் கேட்டேன். பிரிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்று பதிவுத்தபால். கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பீர்கள். அந்த மூன்றையாவது பிரியுங்கள். இதற்குமேல் என்னை எழுத வைக்காதீர்கள்.

அருணா

*

காவலூர்,
9-9-2024

அருணாவுக்கு, சுகம்.

குப்பனின் கையைப் பற்றி அம்மாக்கண்ணுவிடம் சொன்னேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அவனுக்குக் கை போச்சி, எங்களுக்கு ஆளே பூடும் போலக்குதே சாரு" என்றாள்.

போலீஸ்காரர்கள் மூன்று தடவை வந்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒருவர் போகும்போது, "ஏற்கெனவே உள்ள போன ஆளுதானேம்மா" என்றார். அதற்கு அவள், "உள்ள போட்டீங்க, அப்புறம் தப்பே பண்ணலன்னு வெளிய வுட்டீங்க. அத்தையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

நீ எழுதிய மூன்று பதிவுத்தபால்களும் பெட்டியில் இருக்கின்றன. இருக்கட்டும். விபத்துக்கு முன்னால் எழுதிய கடிதத்தில் விபத்தைப் பற்றி என்ன இருக்க முடியும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எதிலும் நியாயமாக இருக்க வேண்டும். முதலில் உன் கணவர் தண்டு வேண்டாம், வில் வைக்கலாம் என்று உன் வழியாகச் சொல்லி அனுப்பினார். தண்டின் நுனியில் சக்கரம் இருக்கும் இடத்தில் வில்லில் ஒரு அகலமான சட்டம் இருக்கும். கம்பி இடம் வலம் போனாலும் சட்டத்தின்மேலேயே இழையும். விட்டுப் போகாது. கயிற்றைப் பிடிக்க ஆளும் தேவையில்லை. அவர் சொன்னது சரிதான். ஆனால் அவர் சொன்னார் என்பதாலேயே நான் தண்டுதான் என்று எழுதினேன். பழைய வண்டி என்றால் தண்டுதான் பொருத்தம் என்று ஒரு பக்கத்துக்குக் காரணமும் எழுதினேன். சென்னையில் முதன்முதலில் மின்சார டிராம் ஓடியபோது தெருவுக்கடியில் பள்ளம் வெட்டி அதிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள், மழைத் தண்ணீர் இறங்கி அது சரிப்படாமல்தான் மேலே கம்பி கட்டித் தண்டு வைத்தார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தேன். உனக்கு நினைவிருக்கும். ஆனால் தண்டு வைத்தால் பிடிப்பான் வேண்டும் என்றும் எழுதினேன். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதினேன்.

மனு எழுதி வைத்திருக்கிறேன். பிடிப்பானை நீக்கிய குற்றவாளி என்று உன் கணவரின் பெயர் அதில் இருக்கிறது. அவர் தானாக எழுதிக் கொடுத்தால் மனு தேவையில்லை. பதினைந்து நாள் பொறுக்கிறேன்.

ஜீவானந்தம்

*

காவலூர்,
14-10-2024

அருணா,

ஐந்து வாரமாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. நலமாக இருக்கிறாயா என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனால் அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

நேற்று விடியும்போது அர்ச்சுனன் வந்தான். கன்னம் ஒட்டி, காலெல்லாம் முள் கிழித்து, காய்ச்சலோடு இருந்தான். உள்ளே வா என்றேன். வரவில்லை. வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"சாரு, நான் வேகமா போனேன்னு ஒத்துக்கினு போய்ட்றேன். முடியல."

"நீ வேகமாகப் போகவில்லையே."

"போவலதான். முன்னாடி நிக்கிறவனுக்குப் பின்னாடி தண்டு இன்னா பண்ணுதுன்னு எப்டி சாரு தெரியும்? குப்பன் கத்தினான், பிரேக் புடிச்சேன். பத்தடிக்குள்ள நிறுத்திட்டேன். ஆனா அத்த யாரு கேக்கறாங்க?"

"நான் கேட்க வைக்கிறேன். மச்சானிடமிருந்து ஒரு காகிதம் வர வேண்டும்."

"எத்தினி மாசமா அத்தையே சொல்றீங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அம்மாக்கண்ணு ஒரு வாய் கஞ்சி ஊற்றினாள். குடித்துவிட்டு மறுபடியும் மேலே போய்விட்டான்.

விசாரணை அதிகாரி நவம்பர் 11 அன்று பூங்காவிலேயே உட்கார்ந்து வாக்குமூலம் வாங்குகிறார். அதற்குள் அந்தக் காகிதம் வேண்டும். மனுவை இன்னும் அனுப்பவில்லை. உனக்காகத்தான் அனுப்பவில்லை. நான் யாரிடமும் கெஞ்சியவன் அல்ல. இப்போது கெஞ்சுகிறேன். அவரை எழுதச் சொல்.

ஜீவானந்தம்

*

ராணிப்பேட்டை,
21-10-2024

அண்ணா,

சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி இந்த ஒரு கடிதத்தில் நீ என்றே எழுதுகிறேன். இல்லாவிட்டால் என்னால் இதை எழுத முடியாது.

எனக்கு ஏப்ரல் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஒன்றரை மாதம் படுக்கை. நான் நலமாக இருப்பேன் என்று நீயே எழுதிக்கொண்டாய். நான் "இப்போது பரவாயில்லை" என்று எழுதினேன். முன்பு என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை.

அந்த ஒன்றரை மாதத்தில்தான் பிடிப்பானைப் பற்றிச் சந்தேகம் வந்தது. எழுத நான் இல்லை. அவரே எழுதினார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. சாதாரணத் தபாலில் போட்டால் தொலைந்தது என்பாய் என்று பதிவுத்தபாலில், ஒப்புகை அட்டையோடு. அம்மாக்கண்ணுவின் போனுக்கும் கூப்பிட்டார். "சாரு பேச மாட்டேன்றாருங்க" என்றாளாம் அவள். மூன்று அட்டையிலும் உன் கையெழுத்து இருக்கிறது. ஜீ-யின் சுழி பெரிதாக, நீ போடுவது போலவே.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் வண்டியை அனுப்பியிருக்கக் கூடாது. கோபால் நெருக்கினார், இவர் விட்டுக்கொடுத்தார். ஆனால் விபத்து நடந்த மறுநாளே அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார், "நான் கேட்டேன், வரைந்தவர் தடுக்கவில்லை என்று காட்டிவிடுகிறேன்" என்றார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். என் ஆபரேஷன் தையல் பிரியும் என்று அவர் பயந்து விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவரும் எதுவும் சொல்லவில்லை. நீ அவரைப் பேசாதவர் என்கிறாய். இந்தத் தடவை அவர் வாயை அடைத்தவள் நான்.

நீயாகப் பிரித்துப் படிப்பாய், நீயாக என்ன செய்வது என்று முடிவு செய்வாய் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். நீ மனு எழுதுகிறாய்.

அருணா

*

காவலூர்,
25-10-2024

அருணா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? பாரம் தூக்குகிறாயா? கூடாது. இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்போதுதான் கேட்கிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. பெட்டியைத் திறந்து மூன்று உறைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாக்கண்ணு களி கொண்டுவந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், எட்டாவது வரை போனவள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மே மாசம் வந்ததுன்னு உங்க கையெழுத்துல கீது. இன்னும் பிரிக்கலயா சாரு?"

"இல்லை."

"மூணுமா?"

"மூன்றும்."

"ஏன் சாரு?"

அவள் எதிரிலேயே பிரித்தேன். படிக்கச் சொன்னாள். படித்தேன். முதல் கடிதத்தை அப்படியே எழுதுகிறேன், உனக்குத் தெரிந்திருந்தாலும்:

"மச்சானுக்கு வணக்கம். என் கடிதத்தை நீங்கள் பிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும். அருணா வேலூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நீங்கள் பயப்பட வேண்டாம். எழுத வேறு ஆள் இல்லாததால் நானே எழுதுகிறேன். கயிறு பிடிப்பானின் பல்சக்கரம் வார்ப்பில் இரண்டு முறை விரிசல் விட்டுவிட்டது. இன்னொரு முறை வார்க்க ஆறு வாரம் ஆகும். கோபால் ஜூன் ஒன்பதாம் தேதி வண்டி ஓடியே ஆக வேண்டும் என்கிறார். அதுவரை ஒரு ஆளைப் பின்படியில் நிறுத்திக் கயிற்றைப் பிடிக்க வைத்து ஓட்டலாமா? கூடாது என்றால் ஒரு வரி எழுதுங்கள். வண்டியைப் பட்டறையை விட்டு வெளியே எடுக்க மாட்டேன். பத்து நாளில் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்."

இரண்டாவது கடிதமும் கிட்டத்தட்ட இதுவே. மூன்றாவதில் ஒரே வரி: "மச்சான், கூடாது என்று ஒரு சொல் போதும்."

நான் படித்து முடித்ததும் அம்மாக்கண்ணு களிச்சட்டியை எடுத்து மேஜைமேல் சரியாக வைத்தாள். "ஒரு சொல்லு" என்றாள். பிறகு போய்விட்டாள்.

ஜீவானந்தம்

*

ராணிப்பேட்டை,
30-10-2024

அன்புள்ள அண்ணாவுக்கு, நான் நலம். உண்மையாகவே நலம். பாரம் தூக்குவதில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு மூன்று அட்டைகளையும் அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

தபாலாபீசில் போய்த் தோண்டினால் தவிர, இனி வெளியே எதுவும் இல்லை. அந்த மூன்று உறைகளும் உங்கள் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். அம்மாக்கண்ணு சொன்னாலும் எழுத்தில் இல்லாததை யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் அர்ச்சுனனை நினைக்கவில்லை என்று எண்ணாதீர்கள். நினைத்துக்கொண்டேதான் எரித்தேன். உங்களையும் இவரையும் ஒரே வழக்கில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இதற்காக அந்தப் பெண் என்னைச் சபித்தால் அது எனக்குத் தகும்.

நாளைக்குத் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள்.

அருணா

*

காவலூர்,
13-11-2024

மாப்பிள்ளை சந்திரனுக்கு ஜீவானந்தம் எழுதுவது.

பன்னிரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். உங்கள் உடம்பு, நதியாவின் படிப்பு, பட்டறை எல்லாம் எப்படி என்று கேட்டால் நடிப்பாகத் தோன்றும். ஆனாலும் கேட்கிறேன். அருணாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் மேல் கோபப்படாதீர்கள்.

எட்டாம் தேதி அர்ச்சுனன் மலையை விட்டு இறங்கிப் போய், வேகமாக ஓட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். என்னிடமும் சொல்லவில்லை, அம்மாக்கண்ணுவிடமும் சொல்லவில்லை. இன்னும் மூன்று நாள் அவன் பொறுத்திருக்கலாம். நான் மே மாதமே பிரித்திருந்தால் அவன் ஓடவே வேண்டியிருந்திருக்காது.

பதினோராம் தேதி பூங்காவுக்குப் போனேன். விசாரணை அதிகாரி ரேணுகாதேவி என்ற அம்மாள். டிக்கெட் கொடுக்கும் அறையில் உட்கார்ந்திருந்தார். கோபாலும் அவருடைய வக்கீலும் எதிரில் இருந்தார்கள். என் வரைபடத்தையும் மூன்று உறைகளையும் மேஜைமேல் வைத்தேன். உறைகளின்மேல் வந்த தேதி என் கையெழுத்தில் இருக்கிறது. அருணா அட்டைகளை எரித்தாள். உறைமேல் இருக்கும் என் கையெழுத்தை எரிக்க அவளால் முடியவில்லை.

அந்த அம்மாள் கடிதங்களைப் படித்தார். உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதல் கடுதாசி மே ரெண்டாம் தேதியே வந்திருக்கு. எப்ப சார் பிரிச்சீங்க?"

"அக்டோபர் இருபத்து நாலுங்க."

"ஊர்ல இல்லையா?"

"ஊரில்தான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் பிரிக்கல?"

"கோபம்ங்க."

"யார் மேல?"

"எழுதினவர் மேல."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத நான் ஃபைல்ல எப்படி சார் எழுதறது?"

"அப்படியே எழுதுங்கள்" என்றேன். கோபாலின் வக்கீல் சிரித்தார். அந்த அம்மாள் எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன். தண்டு வைத்ததும் நான், வில் வேண்டாம் என்றதும் நான், அதற்கும் காரணம் கோபம்தான் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னதை உங்களுக்கு எழுதத்தான் இந்தக் கடிதம். "டிரைவர் ஏற்கெனவே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரு சார். நீங்க குடுக்கறது கேள்வி கேட்ட கடுதாசி. பிடிப்பான் இல்லாமதான் வண்டி வந்துச்சு, யார் அவசரப்படுத்தினாங்க, டிரைவருக்கு இதுல சம்பந்தமில்லைன்னு செஞ்சவரு நேர்ல வந்து சொன்னாத்தான் நிக்கும்" என்றார். அடுத்த அமர்வு இருபத்தைந்தாம் தேதி, காலை பத்தரை மணி, அதே அறை.

வந்தால் உங்கள் பட்டறைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் மேலும் வழக்கு வரும். ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். இதை அருணாவிடம் கேட்காதீர்கள். அவள் தடுப்பாள்.

அம்மாக்கண்ணு வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. காலையில் சாமைச் சோறு வருகிறது. வைத்துவிட்டுப் போகிறாள். கடுதாசி வந்ததா என்று கேட்பதில்லை. சாரு என்று கூப்பிடுவதில்லை.

தபால்காரர் பதினொன்றரை மணிக்கு வருவார். அவர் வரும் வளைவு வரை நானே நடந்து போய் நிற்கிறேன். உங்கள் கடிதம் வந்தால் சாலையிலேயே பிரிப்பேன். பத்து நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்றோ மறுப்பு என்றோ எடுத்துக்கொள்ள மாட்டேன், மாப்பிள்ளை. மலையை விட்டு இறங்கி வந்து உங்கள் வீட்டு வாசலில் நின்று வாயால் கேட்பேன்.

ஜீவானந்தம்